பொய்ச் சத்தியமும் எல்லையற்ற கடனும்

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தேழு. பெரம்பூரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த இந்த வீட்டில் மாடி எடுப்பதற்கு என் அண்ணன் நான்கு லட்சம் ரூபாய் கொடுத்தார். எழுத்து எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் திடீரென்று இறந்துபோனார். அண்ணி அந்தப் பணத்தைக் கேட்டபோது, சபை மூப்பர்கள் இருவர் முன்னிலையில் வேதாகமத்தின் மேல் கைவைத்து, அண்ணன் எதுவும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு ஓர் உபவாச ஜெபக் கூட்டத்தில், தேவன் எல்லையற்றவர், ஆகவே அவருக்கு விரோதமான மிகச் சிறிய பாவமும் எல்லையற்ற கடன், அதற்கு ஈடு நித்திய தண்டனை ஒன்றுதான் என்று பிரசங்கத்தில் கேட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. தினமும் மணிக்கணக்கில் அழுது ஜெபிக்கிறேன். ஆண்டவர் சிலுவையில் எல்லாவற்றையும் செலுத்திவிட்டார் என்று விசுவாசிக்கிறேன்; ஆனாலும் பாரம் இறங்கவில்லை. உடன் வேலை செய்யும் நண்பர், கர்மக் கணக்கில் எல்லையற்ற கடன் என்று ஒன்று கிடையாது என்கிறார். அறவியல் கற்பித்தவர் என்ற முறையில் சொல்லுங்கள்: என் கடன் உண்மையிலேயே எல்லையற்றதா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்வி கடவுளைப் பற்றியதாக இருந்தாலும், அதில் எனக்கு மறக்க முடியாமல் நின்ற இடம், அண்ணி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி. அதற்குப் பிறகு கடிதத்தில் அவர் வரவே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாக நான் நினைப்பதால் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறேன். முதலில் கேள்வியை அதற்குரிய மதிப்போடு எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் கேட்ட பிரசங்கம் யாரோ ஒருவருடைய சொந்தக் கற்பனை அன்று; அதற்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கேன்டர்பரியின் பேராயராக இருந்த அன்செல்ம், கடவுள் ஏன் மனிதரானார் என்பதைப் பற்றி 1098 அளவில் எழுதி முடித்த உரையாடல் நூலில், பாவம் என்பது கடவுளுக்குச் சேர வேண்டியதைச் செலுத்தாமல் இருப்பது என்று வரையறுத்தார். தம்மோடு வாதிடும் மாணவரிடம் அவர், பாவத்தின் எடை எவ்வளவு என்று நீ இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார். அந்தப் பக்கம் பார்க்காதே என்று கடவுள் சொல்லியிருக்க, அந்தப் பக்கம் ஒரே ஒரு முறை பார்த்தால் உலகம் முழுவதும் அழியாமல் தப்பும் என்றால் பார்க்கலாமா? பார்க்கக் கூடாது என்று மாணவர் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் ஒரு பார்வையளவு மீறலும் உலகத்தைவிடக் கனமானது, மனிதனால் ஈடு செய்ய முடியாதது என்பது அன்செல்மின் முடிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், கடவுளின் மாட்சி எல்லையற்றது ஆகையால் அவருக்கு எதிரான பாவத்துக்கும் ஒருவகை எல்லையின்மை உண்டு என்றார். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், ஒருவரை நேசிக்கவும் மதிக்கவும் நமக்குள்ள கடமை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியது அதை மீறும் குற்றம்; கடவுளிடம் நமக்குள்ள கடமைக்கு அளவில்லை, ஆகவே அவருக்கு எதிரான குற்றத்துக்கும் அளவில்லை என்று இந்த வாதத்தை மிகக் கூர்மையாக முன்வைத்தார்.

இவர்கள் யாரும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய சிந்தனையாளர்கள் அல்லர். தெருவில் போகிற ஒருவரை அடிப்பதும் பெற்ற தாயை அடிப்பதும் ஒன்றில்லை என்பதை நாம் எல்லோரும் உணர்கிறோம். யாருக்கு எதிராகச் செய்தோம் என்பது குற்றத்தின் கனத்தைக் கூட்டும் என்பதே அந்த வாதத்தின் வேர், அந்த வேர் உண்மையானது. ஆனால் தாயை அடிப்பது ஏன் கூடுதல் கொடுமை என்று ஒரு படி உள்ளே போய்க் கேட்டுப் பாருங்கள். அவள் நமக்குச் செய்ததை மறந்தோம் என்பதும், நம்மை நம்பி இருந்தவளை நோகச் செய்தோம் என்பதும்தான் காரணமாக வரும். அவள் பதவியில் உயர்ந்தவள் என்பது காரணமாக வராது. பதவியை வைத்துத் தண்டனையை ஏற்றும் முறையையும் இந்த நாடு நன்றாகவே அறியும். மேல் வருணத்தாரைச் சூத்திரர் ஏசினால் உடல் தண்டனை, அதே சொல்லைச் சமமானவர் சொன்னால் அபராதத்தோடு சரி என்று மனு நூல் வகுத்தது. அந்த ஏணியை அநீதி என்று தள்ளிவிட்டுத்தான் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று எழுதிக்கொண்டோம். அடிபட்டவரின் உயரத்தைக் கொண்டு குற்றத்தை அளக்கும் கோல், மனிதருக்குள் கோணலாக இருந்ததென்றால், வானம்வரை நீட்டிய மாத்திரத்தில் அது நேராகிவிடும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இது பதவி பற்றிய பேச்சன்று, கடவுளிடம் நாம் பெற்ற நன்மை பற்றியது என்று எட்வர்ட்ஸின் வழிவந்தவர் விடை சொல்லலாம். இதுதான் வலுவான விடை. தமிழில் இதற்குத் துணையும் இருக்கிறது. எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம், உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு என்ற குறளைவிடக் கடுமையாக நன்றிகேட்டைக் கண்டித்தவர் யார்? ஆனால் இங்கே கடன் என்ற நம் சொல்லையே சற்று நின்று கவனிக்க வேண்டும். தமிழில் அது வாங்கிய பணத்தையும் குறிக்கும், செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே என்று புறநானூற்றுத் தாய் சொல்வது கடமையை. அவள் யாரிடமும் கைமாற்று வாங்கியிருக்கவில்லை. தாய்க்கு நாம் பட்ட கடன் என்று சொல்லும்போதும் அப்படித்தான். அது என்றைக்கும் தீராது, தீர வேண்டும் என்று எந்தத் தாயும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் தீராத அந்தக் கடமையை ஒருநாள் நான் தவறவிட்டால், காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டால், அந்தத் தவறுக்கு ஓர் அளவு உண்டு. கடமை முடிவில்லாதது என்பதிலிருந்து அதில் விழும் ஒவ்வொரு பிசகும் முடிவில்லாத குற்றம் என்பது பிறக்காது. கடவுளுக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கு எல்லையில்லை என்று உங்களோடு சேர்ந்து நானும் சொல்வேன். உங்கள் பொய்ச் சத்தியம் எல்லையற்ற குற்றம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அப்படிச் சொல்லத் தொடங்கினால் என்ன நேரும் என்று பாருங்கள். பக்கத்து வீட்டு மாமரத்தில் கல்லெறிந்த சிறுவனும் கொலைகாரனும் ஒரே எல்லையின்மையில் போய் நிற்பார்கள். ஏனென்றால் இரண்டு செயலும் கடவுளுக்கு எதிரானவை, கடவுளோ இரண்டு இடத்திலும் ஒருவரே. குற்றத்துக்குக் குற்றம் வேறுபாடு இல்லாமல் போகும் இடத்தில் நீதி என்ற சொல்லுக்கு வேலையில்லை. ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து என்று வள்ளுவர் அரசனுக்கு விதித்த இலக்கணம், குற்றத்துக்குத் தக்க தண்டனை என்பதுதான். எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடி, அறியாமல் தவறியவனுக்குச் சில அடி என்று உங்கள் வேதாகமத்தில் லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். சிலவும் அநேகமும் எண்ணிக்கைகள், எல்லையின்மைக்குள் அவற்றுக்கு இடமில்லை. அக்குவினாஸ் இந்தச் சிக்கலை உணர்ந்தார். அதனால்தான் பாவத்தில் கடவுளைவிட்டு விலகும் பக்கம் எல்லையற்றது, படைப்புப் பொருளை நாடும் பக்கம் எல்லைக்குட்பட்டது என்று இரண்டாகப் பிரித்தார். அவருக்குப் பின் வந்த டன்ஸ் ஸ்கோட்டஸ், எல்லைக்குட்பட்ட மனிதன் செய்த செயல் எப்படி எல்லையற்றதாகும் என்று மறுத்தே பேசினார். ஆக, திருச்சபையின் பெரிய ஆசிரியர்களுக்குள்ளேயே இது முடிந்துபோன விவாதமாக இருந்ததில்லை. ஒரே கூட்டத்தில் ஒரே வரியாகக் கேட்டதனால் அது உங்களுக்கு மாற்றமில்லாத தீர்ப்பாகத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லையற்றவருக்கு எதிராகச் செய்த தீமை எல்லையின்மையால் பெருகும் என்றால், அவர் பொருட்டுச் செய்த நன்மையும் அப்படியே பெருக வேண்டாமா? நன்மை ஏற்கெனவே நாம் செய்யக் கடமைப்பட்டது, ஆகையால் அதை வரவில் வைக்க முடியாது என்பது அன்செல்ம் தரும் விடை. நீங்கள் கணக்கெழுதுகிறவர், பற்றுப் பக்கம் திறந்தும் வரவுப் பக்கம் மூடியும் இருக்கும் பேரேட்டுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். கட்டக் கட்ட வட்டிக்கே போய் அசல் குறையாமல் நிற்கும் கடனைக் கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று சொல்லி, 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றித் தடைசெய்த மாநிலம் இது. மனிதரிடம் நாம் குற்றமென்று தடுத்த ஒன்றைக் கடவுளின் நீதியென்று வணங்கச் சொல்வது கடவுளுக்குப் பெருமை சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தென்கடம்பைக் கரக்கோயிலில் நின்று அப்பர் பாடியதில் கடன் இரண்டு பக்கமும் இருக்கிறது: தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே. உங்கள் நம்பிக்கை வேறு, அப்பரின் நம்பிக்கை வேறு என்பதை அறிந்தேதான் இதைக் காட்டுகிறேன்; கடவுளையும் ஒரு கடமை உடையவராகப் பார்க்கத் துணிந்த மொழியில்தான் நீங்களும் ஜெபிக்கிறீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. வினைக் கோட்பாட்டில் ஒவ்வொரு வினைக்கும் அதற்குரிய பயன் அளவாக உண்டு, நரகங்களும் அனுபவித்து முடிந்து வெளியேறும் இடங்களே. ஆனால் அதைச் சொல்லி உங்களை அவர் ஆறுதல்படுத்த முயன்றிருந்தால், அந்த ஆறுதல் விரைவில் தேய்ந்துவிடும். அளவுள்ள கடன் என்றால் எண்ணிக் கொடுத்தாக வேண்டிய கடன் என்றுதானே பொருள்.

இங்கேதான் அண்ணியிடம் திரும்பி வருகிறேன். கடவுளுக்கு எதிரான குற்றம் உண்மையில் யார்மேல் விழுகிறது? நீ பாவம் செய்தால் அதனால் கடவுளுக்கு என்ன ஆகிவிடும், உன்னைப் போன்ற மனிதனுக்குத்தான் நட்டம் என்று யோபு புத்தகத்தில் எலிகூ கேட்கிறான். மதுரையில் பிட்டுக்கு மண் சுமக்க வந்த இறைவன் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தபோது, அடி அரசன்மேலும் அரசிமேலும் ஊரார்மேலும், உயிர்கள் எல்லாவற்றின்மேலும் விழுந்தது என்று நம் திருவிளையாடல் கதை சொல்லும். இரண்டு மரபுகளும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இறைவன்மேல் ஓங்கிய கை, கடைசியில் ஓர் உயிர்மேல்தான் இறங்குகிறது. உங்கள் கை இறங்கிய இடம், கணவனை இழந்து நின்ற ஒரு பெண்.

நீங்கள் இரவில் படிக்கும் வேதாகமத்தில் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் வழக்கு ஏறக்குறைய அப்படியே அங்கே இருக்கிறது. தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளைக் குறித்து அயலானிடம் பொய் சொல்லி, அதற்காகப் பொய்யாணையும் இட்டவனைப் பற்றி அது பேசுகிறது. அந்தச் செயலைக் கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்றே அது அழைக்கிறது. உங்கள் பிரசங்கத்தின் தருக்கப்படி அடுத்த வாக்கியத்தில் எல்லையற்ற தண்டனை வந்திருக்க வேண்டும். அங்கே வருவது ஒரு தொகை: முதலும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும். அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது, பொருளுக்கு உரியவரிடம். அதற்குப் பிறகுதான் கர்த்தருக்குரிய குற்றநிவாரண பலியைப் பற்றிய பேச்சு வருகிறது. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்னதும், பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் சொல்லப்பட்டதும் இதே வரிசைதான்.

இந்த வரிசையை வற்புறுத்தியது கிறிஸ்தவம் மட்டுமன்று. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவங்களை மட்டுமே பாவநிவாரண நாள் போக்கும், மனிதனுக்கும் அயலானுக்கும் இடையிலானவற்றை அயலானைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா கூறுகிறது. திருவல்லிக்கேணியில் உங்களுக்கு இஸ்லாமிய நண்பர் இருந்தால், ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமைகளைப் பற்றிக் கேளுங்கள். தனக்குரிய உரிமையை இறைவன் மன்னிப்பான், பிற மனிதனுக்குரியதை அந்த மனிதன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பார். கத்தோலிக்க மறைக்கல்வியும் அநீதியாக எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்றே கேட்கிறது.

சங்கீதம் ஐம்பத்தொன்றை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன் என்று தாவீது அழும் அந்த வரி என்னை எப்போதும் தடுமாறச் செய்யும். மனைவியைக் கவர்ந்துகொண்டு, போரில் சாகும்படி செய்த உரியாவுக்கு விரோதமாகச் செய்யவில்லையா? மனசாட்சியின் ஆழத்திலிருந்து வரும் சொல்லாக அதை நான் மதிக்கிறேன். ஆனால் உரியா அப்போது இறந்துபோயிருந்தான், அவனிடம் போய் நிற்கும் வாய்ப்பு தாவீதுக்கு இல்லை. உங்கள் அண்ணி உயிரோடு இருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போது இந்த வரியை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது, என் கருத்தில், அவரைக் கணக்கிலிருந்து மெல்ல நீக்கிவிடுகிறது. எல்லையற்ற கடன் என்ற எண்ணம் உங்களை நசுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது உண்மை. அதோடு அது உங்களுக்கு ஒரு மறைவிடமாகவும் ஆகியிருக்கிறதோ என்று கேட்க வேண்டியவளாக இருக்கிறேன். எல்லையற்றதை யாராலும் கட்ட முடியாது. கட்ட முடியாததற்கு அழுதால் போதும். நான்கு லட்சம் ரூபாயைக் கட்ட முடியும், அதனால்தான் அது இதைவிடக் கடினமாக இருக்கிறது. சிலுவையில் எல்லாம் செலுத்தப்பட்டது என்ற உங்கள் விசுவாசத்தைக் குறித்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அது என் துறையும் அன்று. ஆனால் பாரம் இறங்காததற்கு விசுவாசக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய பணம் இன்னும் கொடுக்கப்படவில்லை. உங்கள் மனசாட்சி சரியாகவே வேலை செய்கிறது.

தொகையைப் பற்றி என் கருத்து இது. முதல் நான்கு லட்சம், அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்பதாயிரம், ஆக நான்கு லட்சத்து எண்பதாயிரம் என்பது வேதாகமக் கணக்கு. பதினோரு ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு குறைந்திருப்பதாலும், மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வருமானத்தில் அண்ணன் பணத்துக்கும் பங்கு இருப்பதாலும், அதோடு நிற்பது நியாயமாகாது என்று நினைக்கிறேன். அதே பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தால் இன்று என்னவாகியிருக்கும் என்பதையாவது உங்கள் தொழில் அறிவைக் கொண்டு கணக்கிட்டு, எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கையில் இல்லையென்றால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துபோன கடனாக இருந்தாலும், அதைத் தருகிறேன் என்று எழுத்தில் கையெழுத்திட்டுத் தரும் வாக்குறுதி செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவில் சொல்கிறது. வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு அதைச் சரியாக எழுதிவாங்குங்கள். உங்களுக்கு இதயச் சிகிச்சை நடந்திருப்பதால் இந்த ஏற்பாட்டை மனைவி மக்களுக்கும் தெரிவித்துவிடுங்கள். ஓய்வுகால நிதி வரட்டும் என்று வாய்ப்பேச்சில் தள்ளிவைக்க வேண்டாம்.

அண்ணி வீட்டுக்குப் போகும்போது, மன்னிப்பைப் பணத்துக்கு விலையாகக் கேட்காதீர்கள். பதினோரு ஆண்டு அவர் பொய்யராகப் பார்க்கப்பட்டிருக்கிறார். மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பது அவர் உரிமை. அவர் கதவைச் சாத்தினாலும் பணம் அவருடையதே. அவர் முன்னால் அழுது, உங்களைத் தேற்றும் வேலையையும் அவர் தலையில் வைத்துவிடாதீர்கள். நெஞ்சுவலி வந்ததையும் நரகபயத்தையும் முதலில் சொல்ல வேண்டாம். அண்ணன் பணம் கொடுத்தார், நான் பொய் சொன்னேன் என்ற இரண்டு வாக்கியங்கள் முதலில் வரட்டும். போதகரைத் துணைக்கு அழைத்துப் போவதையும் நான் விரும்ப மாட்டேன். சபையின் கனம் ஒருமுறை அவருக்கு எதிராக அந்த அறையில் உட்கார்ந்திருந்தது.

தூக்கமின்மையைப் பற்றி ஒரு சொல். கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகும், அதே பாவ எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, மணிக்கணக்கில் ஜெபித்தாலும் அடங்காமல் இருந்தால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய மன எண்ணச் சுழற்சியாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது; 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். இதய மருத்துவரிடமும் தூக்கமின்மையைச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, அந்த இரண்டு மூப்பர்கள். சத்தியம் அவர்கள் முன்னிலையில் செய்தது. பணம் மட்டும் இரகசியமாகத் திரும்பிப் போனால் அண்ணியின் பெயர்மேல் விழுந்த கறை அப்படியே இருக்கும். முதலில் அண்ணியிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவர்கள் இருவரில் இன்று இருப்பவரிடம் நீங்களே போய், நான் அன்று வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். எப்போது போகலாம், தாமும் உடன் வர வேண்டுமா என்பதை அண்ணியே முடிவு செய்யட்டும்.

அன்புடன்.